சென்னியப்பன் காருக்குக் கொசுறு வாங்கிய கதை

ஒரு காட்டில், தவணை முறை வந்து சேர்வதற்கு முன்பு, எல்லா மிருகங்களும் நடந்துதான் போய்க்கொண்டிருந்தன. யாருக்கும் கால் வலித்ததாகச் சரித்திரம் இல்லை. பிறகு காட்டுக்குள் தார் ரோடு வந்தது. ரோடு வந்த மறுமாசம் ரோட்டோரத்தில் ஒரு கார் ஷோரூம் வந்தது. ஷோரூம் திறந்த அன்றைக்கே எல்லாருக்கும் முட்டி வலி வந்துவிட்டது.

அந்தக் காட்டின் அடிவாரத்தில் சென்னியப்பன் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தான். கிழங்கு வியாபாரம். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன். குரங்கிடம் ஏமாந்து எடை கற்றுக்கொண்டான். நரியிடம் ஏமாந்து விலை கற்றுக்கொண்டான். கரடியிடம் அடி வாங்கி, வாய் பேசும்போது எவ்வளவு தூரம் தள்ளி நின்று பேச வேண்டும் என்று கற்றுக்கொண்டான். ஒரு கூடை மரவள்ளியோடு சந்தைக்கு வந்தவன், இன்றைக்கு நாலு கூரை போட்டுக் கடை வைத்திருக்கிறான் என்றால் அது யார் போட்ட பிச்சையும் இல்லை.

சென்னியப்பனுக்கு இரண்டு குணம் உண்டு. ஒன்று, கொசுறு. காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு வாங்காமல் நகர மாட்டான். பல் பிடுங்கப் போன இடத்தில், பக்கத்துப் பல்லையும் சேர்த்துப் பார்த்து அனுப்பு என்று வைத்தியர் மரங்கொத்தியிடம் தகராறு செய்தவன். விலை கொடுத்து வாங்கியதைக்கூடத் தொலைத்துவிடுவான். கொசுறாக வாங்கியதை உயிர் போனாலும் விட மாட்டான். அது அவன் வாயால் சம்பாதித்தது.

இன்னொன்று, கோபம். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்கும். இவனுக்கு முதுகு முழுக்க முள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். பெண் பார்க்கப் போன முதல் வீட்டில், காப்பியில் சர்க்கரை பத்தவில்லை என்ற கோபத்தில் அவர்கள் வீட்டு சோபா சல்லடையானது. இரண்டாவது வீட்டில் கோபம் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆனால் கூட வந்த மச்சான் காளியண்ணன், போண்டா தீர்ந்ததும் எழுந்து போய்ச் சமையல்கட்டில் சட்டி தேடினான். மூன்றாவது வீட்டில் தாய்மாமன் நாச்சிமுத்து, பெண்ணின் அப்பாவிடம் அந்த வீட்டை இடித்துவிட்டு எப்படிக் கட்ட வேண்டும் என்று அரை நாள் விளக்கினார். அக்கா பாவாயி எல்லா வீட்டிலும் ஒரே வேலைதான் செய்தாள். பெண்ணின் முகத்தைப் பார்த்து, எங்க வீட்டுக்கு வந்தா இளைச்சிருவே கண்ணு, என்று ஆசையாகச் சொன்னாள்.

தரகுக்காரக் காக்கையம்மாவுக்கு வெறுத்துவிட்டது. கடைசியாக ஒரு இடம் கொண்டுவந்தாள். மலை உச்சியில் ராக்கியண்ணன் என்ற பெரிய முள்ளம்பன்றி. மிளகுத் தோட்டம். அவர் மகள் வஞ்சிக்கொடி. "இதுவும் தட்டிப்போச்சுன்னா, உங்க சாதகத்தைக் கூட்டுல விரிச்சு முட்டை வெச்சுருவேன், பார்த்துக்கோங்க," என்றாள் காக்கையம்மா.

பெண் வீட்டில் நகை கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை, அதுவும் பெண்ணே சொல்லி அனுப்பியது. மாப்பிள்ளைக்குச் சொந்தமாகக் கார் இருக்க வேண்டும். அது சின்னக் காராக இருக்க வேண்டும்.

காடே மெச்சிப் பேசியது. இந்தக் காலத்தில் எந்தப் பெண் சின்னக் கார் போதும் என்கிறாள்? அடக்கம் என்றால் இதல்லவா அடக்கம் என்று மான்கள் தங்கள் பெண்களைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லின. அந்தப் பெண் எதற்காகச் சின்னக் கார் கேட்டாள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

ஷோரூமில் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு மரநாய் இருந்தான். பெயர் கவின். இருக்கிறதிலேயே சின்ன வண்டியைக் காட்டினான். ‘சிட்டு’ என்று பெயர். இன்ஜினைத் திறந்து காட்டியபோது சென்னியப்பன் சுற்றுமுற்றும் பார்த்து, இது கார் இன்ஜினா, இல்லை தையல் மிஷினா என்று கேட்டான். கவின் சிரித்துக்கொண்டே, பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடும் என்றான். சந்து பொந்தெல்லாம் போகும். புதருக்குள் தலையை விட்டால் உடம்பும் உள்ளே போய்விடும், நிறுத்த இடம் தேட வேண்டாம். கெட்டுப்போனால் எந்த மரத்தடி மெக்கானிக்கும் ஒரு ஸ்பானரை வைத்துச் சரிசெய்துவிடுவான்.

அதெல்லாம் இருக்கட்டும், விலையைக் குறை என்றான் சென்னியப்பன். விலை தலைமை ஆபீசில் வைப்பது, அதில் கை வைக்க முடியாது என்றான் கவின். அங்கேதான் அந்தப் பையன் தப்பு செய்தான். விலையில் கை வைக்க முடியாது என்று சென்னியப்பனிடம் சொன்னால், அவன் மற்ற எல்லாவற்றிலும் கை வைப்பான்.

சீட் கவர் கேட்டான். கொடுத்தான். ரப்பர் மிதியடி கேட்டான், மெல்லிசாக ஒன்று வந்தது. மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி கனமாகக் கொண்டா என்று திருப்பி அனுப்பினான். முன்னால் இரும்பு பம்பர் கார்டு. பின்னாலும் ஒன்று. முன்னால் மட்டும் இருந்தால் வண்டி முன்பக்கம் சாய்ந்திருக்கிற மாதிரி இருக்காதா? மேலே கேரியர். ஒரு ஸ்டெப்னிதான் வரும் என்றதும், நாலு டயரும் ஒரே நேரத்தில் ஓட்டையானால் உங்கப்பனா வந்து தூக்குவான் என்று கேட்டு இன்னொன்று வாங்கினான். பாட்டுக் கேட்க இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டி. டேஷ்போர்டில் ஒட்டப் பிளாஸ்டிக் பிள்ளையார் கொடுத்தார்கள். சாமியிலுமா டூப்ளிகேட் என்று சத்தம் போட்டுக் கருங்கல்லில் வாங்கினான்.

கடைசியாக, ஷோரூம் வாசலில் அலங்காரத்துக்கு வைத்திருந்த வெட் கிரைண்டர் கண்ணில் பட்டது. அது குலுக்கல் பரிசு, வருசக் கடைசியில் ஒரு அதிர்ஷ்டசாலிக்கு என்றான் கவின். சென்னியப்பன் முதுகில் ஒவ்வொரு முள்ளாக எழுந்து நின்றது. "என்னைப் பார்த்தா அதிர்ஷ்டம் கெட்டவன் மாதிரியா இருக்குது?" என்று கேட்டான். கல்லோடு சேர்த்துக் கிரைண்டர் டிக்கியில் ஏறியது.

கவினுக்கு இதில் நட்டம் ஒன்றும் இல்லை. விற்காமல் கிடந்த பழசெல்லாம் ஒரே நாளில் காலி. இருந்தாலும் சின்ன வயசு, மனசாட்சி முழுசாகக் காய்ந்து போகவில்லை. சாவியைக் கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னான்.

"சார், இது சின்ன இன்ஜின். வெயிட்டு கொஞ்சம் குறைச்சீங்கன்னா..."

"குடுத்ததைத் திரும்பப் புடுங்கப் பார்க்கறயா?"

கவின் சாவியை அவன் கையில் வைத்துவிட்டு நகர்ந்தான். காட்டில் அன்றைக்குச் சொல்லப்பட்ட ஒரே உண்மை அவன் சொன்னதுதான். அதற்குக் கிடைத்த மரியாதை இது.

பூசைக்குக் கோயில் வாசலில் வண்டி நின்றது. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார் பூசாரி கொக்கு. சென்னியப்பன் கியரைப் போட்டு மிதித்தான். வண்டி முக்கியது, முனகியது, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற முடியாமல் பின்னாலேயே வந்தது. பழம் பெரிசு என்றார் மாமன். ரோடு மேடு என்றாள் அக்கா. கடைசியில் மச்சான் பின்னால் நின்று தள்ளினான். பழம் நசுங்கியது. நல்ல சகுனம் என்று பூசாரி தட்டை நீட்டினார்.

ஆனால் சமதளத்தில் அந்த வண்டியைக் குறை சொல்ல முடியாது. சந்தைக்கும் வீட்டுக்குமாக ஓட்டினான். பெட்ரோல் பங்க்கில் இருந்த ஒட்டகச்சிவிங்கி இவன் முகத்தையே மறந்துவிட்டது, அவ்வளவு அபூர்வமாகப் போனான். காட்டெருமையின் பெரிய ஜீப் சந்தைத் தெருவில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்துச் சாகும்போது, இவன் அதன் பக்கவாட்டில் நுழைந்து கையை ஆட்டிவிட்டுப் போனான். அந்த ஒரு நிமிசத்துக்காகவே சின்னக் கார் வாங்கலாம் என்று தோன்றியது.

அதே காட்டெருமை நெடுஞ்சாலையில் தாண்டிப் போனபோது, அந்தக் காற்றிலேயே சிட்டு பக்கத்து வயலில் இறங்கிவிட்டது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஏசியைப் போட்டால் இன்ஜின் மூச்சு விடாது. இன்ஜின் மூச்சு விட்டால் ஏசி வராது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, கூரை தாழ்வு. முன்னால் போகிறவன் கை காட்டாமல் திரும்பினால் சென்னியப்பனுக்கு முள் சிலிர்க்கும், சிலிர்த்தால் கூரையைக் கிழிக்கும். ஒரே மாசத்தில் கூரைத் துணி இட்லித் துணி மாதிரி ஆகிவிட்டது. பெரிய காரில் கோபப்பட இடம் இருக்கிறது. சின்னக் காரில் கோபத்தைக்கூட மடித்துத்தான் வைக்க வேண்டும்.

நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். அந்தக் காட்டு வழக்கப்படி மாப்பிள்ளை தரப்பில் தாய்மாமன் உட்கார்ந்து தட்டை வாங்க வேண்டும். மாமன் கை படாத தட்டு வெறும் தட்டு, அதில் இருப்பது வெறும் பழம்.

காலையில் சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் வண்டியில் ஏறியது. ஒறம்பரை என்றால் கூட்டமில்லை, மூன்று பேர்தான். முன்னால் மாமன் மடியில் தட்டோடு. பின்னால் அக்காவும் மச்சானும். முள்ளம்பன்றிகள் ஒட்டி உட்கார முடியாது என்பதால் நடுவில் ஒரு கிழங்குச் சாக்கு. டிக்கியில் கிரைண்டர். அதை ஏன் வீட்டில் இறக்கி வைக்கவில்லை என்றால், வீட்டில் வைத்தால் மச்சான் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்ற பயம். பெண் வீட்டில் காட்டினால் கௌரவம் என்ற ஆசையும் இருந்தது.

மலைக்கு ஏழு கொண்டை ஊசி வளைவு. முதல் வளைவிலேயே ஏசியை அணைத்தான். பிறகு பாட்டை அணைத்தான். இரண்டாவது வளைவில் பக்கத்துக் கண்ணாடி இரண்டையும் மடக்கினான், காற்று தடுக்கிறதாம். வண்டி ஒரு மாதிரி இருமிக்கொண்டே ஏறியது. அப்போது இடது பக்கமாக ஒரு ஆமை நடந்து வந்து தாண்டியது. சென்னியப்பன் வேகமாக ஹாரன் அடித்தான். ஆமை திரும்பிப் பார்த்து, "நீங்க மெதுவாவே வாங்க தம்பி. எனக்கு மேலே கொஞ்சம் அவசர சோலி இருக்குது," என்றது.

கூரைத் துணியில் புதிதாக ஏழெட்டு ஓட்டை விழுந்தது.

மூன்றாவது வளைவில் வண்டி நின்றேவிட்டது. பாரத்தைக் குறைக்க வேண்டும் என்பது அதற்குள் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. எந்தப் பாரத்தை என்பதுதான் கேள்வி. மச்சான் காளியண்ணன் நல்ல யோசனை சொன்னான். கிரைண்டரை இறக்கிவிடலாம், யாராவது தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கத் தானே பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னான். சொல்லும்போதே அவன் கண் பளபளத்தது.

சென்னியப்பனுக்கு அந்தக் கண் போதும். மச்சானை மட்டும் இறக்கிவிட்டான். கோபித்துக்கொள்ளக் கூடாது, திரும்பி வரும்போது ஏற்றிக்கொள்கிறேன் என்று தோளைத் தட்டினான். தட்டியதில் முள் குத்தியது. இரண்டு பேருக்கும்.

நாலாவது வளைவில் அக்காவின் முறை. பம்பர் கார்டைக் கழற்றலாமே சாமி என்று கெஞ்சிப் பார்த்தாள். ஸ்பானர் இல்லை என்றான். ஸ்பானர் அவன் சீட்டுக்கு அடியில்தான் இருந்தது. அதுவும் கொசுறுதான். அக்கா இறங்கி, சேலையைத் தட்டிக்கொண்டு, பொண்ணுகிட்டச் சொல்ல வேண்டியதை யாரு சொல்லுவாங்க என்று கவலைப்பட்டாள். தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

ஆறாவது வளைவு. மணி பத்து. வண்டி நின்றது, பின்னால் உருளவும் ஆரம்பித்தது. சென்னியப்பன் பிரேக்கை மிதித்துக்கொண்டு மாமனைப் பார்த்தான். மாமன் நாச்சிமுத்து தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே, என்னை இறக்கீட்டு யாரை வெச்சுடா தட்டு மாத்துவே?"

"முதல்ல தட்டு போய்ச் சேரட்டும் மாமா. நீங்க பொறகால நடந்து வாங்க."

"அந்தக் கல்லுப் பிள்ளையாரை எடுத்து ஓரமா வெய்யி. கிரைண்டரை இறக்கு. ரெண்டு ஸ்டெப்னி எதுக்கு, ஒண்ணை உருட்டி விடு. நான் உக்காந்துக்கறேன்."

"அதெல்லாம் கொசுறு மாமா. இறக்கப்படாது."

"நானும் கொசுறுதானேடா? என்னை என்ன காசு குடுத்தா வாங்குனே?"

சென்னியப்பன் இதை ஒரு வியாபாரியாக நின்று யோசித்தான். பத்தரைக்கு ராகுகாலம் என்பதால் சீக்கிரமாகவே யோசித்தான். "நீங்க எப்படி மாமா கொசுறு? பட்டு வேட்டி எடுத்துக் குடுத்திருக்கேன். தோள்ல துண்டு. காலையில பன்னெண்டு இட்லி. உங்களுக்கு செலவாயிருக்குது. செலவானதை இறக்கலாம், அதோட போச்சு. கொசுறை இறக்குனா நான் பேசுன பேச்செல்லாம் வீணாப் போயிரும்."

மாமன் தட்டைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு பாறைமேல் உட்கார்ந்துகொண்டார். வண்டி இறக்கை முளைத்த மாதிரி ஏறிப்போனது.

மலை உச்சியில் பந்தல் போட்டிருந்தார்கள். மிளகுத் தோட்டத்து ஆட்கள், பங்காளிகள், எல்லாரும் வாசலைப் பார்த்து நின்றார்கள். சின்னக் கார் வந்து நின்றது. கதவு திறந்தது. மாப்பிள்ளை இறங்கினான். எல்லாரும் மற்ற கதவுகளைப் பார்த்தார்கள். அவை திறக்கவில்லை. காக்கையம்மா பந்தல் கால்மேல் உட்கார்ந்திருந்தவள், இறக்கையால் முகத்தை மூடிக்கொண்டாள். முட்டை வைக்கக் காகிதம் தயார்.

ராக்கியண்ணன் முன்னால் வந்து, ஒறம்பரையெல்லாம் எங்கேங்க என்று மரியாதையாகக் கேட்டார். சென்னியப்பனுக்குப் பொய் சொல்ல நேரமில்லை. மச்சான் மூணாவது வளைவில், அக்கா நாலாவது வளைவில், மாமன் ஆறாவது வளைவில் என்று வரிசையாகச் சொன்னான். பந்தலில் ஒரு முணுமுணுப்பு பரவியது. தாய்மாமனையே நடு ரோட்டில் இறக்கிவிட்டு வந்தவன் நாளைக்குப் பெண்ணை எங்கே இறக்குவானோ என்று ஒரு பெரியவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். ராக்கியண்ணன் முகம் இறுகியது.

சென்னியப்பனுக்கு முதுகில் முள் எழுந்தது. இந்தத் தடவை கோபமில்லை, பயம். நாலாவது வீடும் போயிற்று. இனிமேல் கிழங்கோடுதான் குடித்தனம்.

அப்போது உள்ளே இருந்து வஞ்சிக்கொடி வெளியே வந்தாள். நேராகக் காரிடம் போனாள். ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். டிக்கியைத் திறக்கச் சொன்னாள்.

"இதென்னங்க?"

"கிரைண்டருங்க. வண்டிக்குக் கொசுறா வாங்குனது."

"மச்சானை இறக்கீட்டு இதைக் கொண்டாந்தீங்களா?"

"ஆமாங்க."

"மாமாவை இறக்குறப்பவும் இதை இறக்கலியா?"

"இல்லீங்க."

வஞ்சிக்கொடி கிரைண்டர் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, தட்டை வாங்குங்கப்பா என்றாள்.

விசயம் இதுதான். அவள் அக்காவை ஒரு பெரிய வேன் வைத்திருந்த வீட்டில் கொடுத்திருந்தார்கள். நல்ல இன்ஜின். மலையை மூச்சு வாங்காமல் ஏறும். அந்த நல்ல இன்ஜினால்தான் அவள் வாழ்க்கை நாசமாய்ப் போனது. வேனில் எத்தனை சீட் இருந்ததோ அத்தனை நாத்தனார், கொழுந்தன், பெரியம்மா, சின்ன மாமன். எங்கே கிளம்பினாலும் எல்லாரும் ஏறிக்கொள்வார்கள். எங்கேயும் கிளம்பாவிட்டாலும் எல்லாரும் வந்து இறங்குவார்கள். வண்டியில் எத்தனை பேருக்கு இடமோ அத்தனை பேருக்கு அவள் சோறு வடித்தாள். அதைப் பார்த்து வளர்ந்தவள் வஞ்சிக்கொடி. சின்ன இன்ஜின் காரும், அதைவிடச் சின்ன மனசும் உள்ள மாப்பிள்ளையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது இரண்டும் ஒரே வண்டியில் வந்து இறங்கியிருக்கிறது.

தாய்மாமன் இடத்துக்கு என்ன செய்வது என்று பெண் வீட்டுப் பூசாரி இழுத்தார். பத்தரைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். ராக்கியண்ணன் மகளைப் பார்த்தார். மகள் டிக்கியைப் பார்த்தாள். நாலு பேர் சேர்ந்து கிரைண்டரைத் தூக்கிப் பாயில் வைத்தார்கள். அதன் தலையில் ஒரு துண்டு போட்டார்கள். தட்டு கிரைண்டர்மேல் வைக்கப்பட்டு, முறைப்படி மாற்றப்பட்டது. இதுவரை அந்தக் காட்டில் எந்த நிச்சயத்திலும் தாய்மாமன் அவ்வளவு அமைதியாக உட்கார்ந்ததில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ராக்கியண்ணன் மாப்பிள்ளை விரலில் கனமான ஒரு தங்க மோதிரம் போட்டார்.

இறங்கும்போது வண்டி தானாக ஓடியது. மாமன் பாறைமேலேயே உட்கார்ந்திருந்தார். ஏறுங்க மாமா, இறக்கம்தானே என்றான் சென்னியப்பன். இறக்கத்தில் நாய்கூட ஏறும், எனக்கு ரோசம் இருக்குது என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவும் மச்சானும் ரோசமெல்லாம் பார்க்கவில்லை. ஏறிக்கொண்டார்கள்.

கல்யாணம் நடந்தது. வஞ்சிக்கொடி வந்தாள். அவள் நினைத்த மாதிரியே வீடு அமைதியாக இருந்தது. யாரும் வரவில்லை, வந்தாலும் தங்கவில்லை. கிரைண்டர் சமையல்கட்டில் ஓடியது. வந்த மாசமே அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். நான்கே நாளில் சென்னியப்பனைவிட நன்றாக ஓட்டினாள். சாவி அவள் இடுப்புக்குப் போனது. சின்ன வண்டி, யார் ஓட்டினால் என்ன என்று சென்னியப்பன் பெருந்தன்மையாக விட்டுவிட்டான். வாழ்க்கையில் அவன் கொசுறு கேட்காமல் விட்ட ஒரே பேரம் அது.

ஆடி வந்தது. புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் விருந்து. மோதிர விரலைத் துடைத்துக்கொண்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். வஞ்சிக்கொடி ஓட்டினாள். டிக்கியில் கிரைண்டர். அம்மாவிடம் காட்டி, மிளகு அரைத்துப் பார்க்க வேண்டுமாம். முன்னும் பின்னும் பம்பர் கார்டு, மேலே கேரியர், இரண்டு ஸ்டெப்னி, கருங்கல் பிள்ளையார். எல்லாம் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தன. சென்னியப்பன் மட்டும் கல்யாணச் சாப்பாட்டில் கொஞ்சம் பெருத்திருந்தான்.

முதல் வளைவில் ஏசியை அணைத்தாள். இரண்டாவது வளைவில் கண்ணாடிகளை மடக்கினாள். சென்னியப்பன் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். மூன்று, நாலு, ஐந்து. ஆமை தாண்டிப் போனது. இந்தத் தடவை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆறாவது வளைவில் சிட்டு நின்றது. வஞ்சிக்கொடி பிரேக்கை மிதித்துக்கொண்டு பக்கத்து சீட்டைப் பார்த்தாள்.

சென்னியப்பன் தன் வாழ்நாளில் சொல்லாத ஒன்றைச் சொன்னான். "கிரைண்டரை இறக்கீரலாமா கண்ணு?"

"அது கொசுறுங்க."

"ஒரு ஸ்டெப்னியையாச்சும்..."

"அதுவும் கொசுறுதானுங்க. நீங்கதானே சொல்லுவீங்க, கொசுறை இறக்கப்படாதுன்னு?"

"அப்ப நானு?"

வஞ்சிக்கொடி அவன் விரலைப் பார்த்தாள். கோபமே இல்லாமல், கடையில் எடை போடுகிற மாதிரி சொன்னாள். "உங்களுக்கு எங்கப்பா மோதிரம் போட்டிருக்காருங்க. பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி, மூணு வேளை சாப்பாடு போட்டு வாங்குனது. நீங்க கொசுறு இல்லீங்க."

முதுகில் முள் எழுந்தது. கூரை தடுத்தது. இறங்கினால்தான் நிமிர்ந்து கோபப்பட முடியும் என்று அவனுக்குத் தோன்றியது. கதவைத் திறந்து இறங்கினான். அவன் முள்ளை நிமிர்த்தி வாயைத் திறப்பதற்குள் வண்டி இறக்கை முளைத்த மாதிரி ஏறி, ஏழாவது வளைவில் மறைந்துவிட்டது.

ரோட்டோரத்தில், முன்பு பாறை இருந்த இடத்தில் இப்போது ஒரு டீக்கடை இருந்தது. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, பட்டு வேட்டியைக் கிழித்துப் போட்ட திரை. பெஞ்சு நிறைய ஆள். சின்னக் கார்களிலிருந்து இறக்கிவிடப்பட்ட மாமனார்கள், நாத்தனார்கள், பெரியப்பாக்கள், ஒரு கணக்கு வாத்தியார். காடு முழுக்க சின்னக் கார் பெருகிவிட்டதால் வியாபாரம் ஓஹோ என்று நடந்தது. ஆமை ஒரு ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தது.

பாய்லருக்குப் பின்னால் நின்ற நாச்சிமுத்து மாமன் நிமிர்ந்து பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. "வாடா மாப்ளே. உனக்கு இன்னும் ரெண்டு மாசம் ஆகும்னு நினைச்சேன்," என்று சொல்லி பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்.

சென்னியப்பன் உட்கார்ந்தான். மலையை அண்ணாந்து பார்த்தான். மேலே விருந்துக்கு இலை போட்டிருப்பார்கள். அவன் இலைக்கு எதிரே கிரைண்டரை உட்கார வைத்திருப்பார்கள். ஒரு பெருமூச்சு விட்டான். மாமன் டீ கிளாஸை நீட்டினார். அவன் அதை வாங்கிக்கொண்டு, பன் அடுக்கியிருந்த கண்ணாடி பாட்டிலைப் பார்த்தான்.

"டீக்கு ஒரு பன்னு சேர்த்துக் குடுங்க மாமா, கொசுறா."

நீதி: ஏற்றம் வந்தால் செலவு செய்து வாங்கியதைத்தான் முதலில் இறக்குவார்கள். ஆகவே எந்த வண்டியில் ஏறினாலும், எந்த வீட்டுக்குப் போனாலும், கொசுறாகவே போ.